காருக்கு மேல இன்னொரு தோல்

போனுக்கு ஒட்டுற ஸ்கிரீன் கார்ட் போல காரின்ர பெயின்ற்றுக்கு மேல ஒட்டுற ஒரு தெளிவான படலம் இருக்கிறது. பி.பி.எஃப். எண்டு சொல்லுவினம். ஒட்டினது வெளியில தெரியாது. கல் பட்டால், கிளை உரசினால், அடி படலத்துக்குத்தான், பெயின்ற்றுக்கு இல்லை. எங்கட வீட்டு வாகன் ஆருக்கு முழுக்க ஒட்ட 350,000 ரூபாய் கேட்டார்கள். லீசிங் மாதம் 58,000. அதாவது, ஆறு மாதக் கட்டுக்காசைக் காரின்ர மேல் தோலுக்குக் கொடுக்கலாமா எண்டதுதான் கேள்வி.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த அலுவல் எண்டு நீங்கள் கேட்கலாம். அப்பா ஹயருக்கு ஓடுற வீட்டில பிள்ளைகள் எந்தப் பீடத்தில படிச்சாலும் காரையும் சேர்த்துப் படிக்கத்தான் வேணும். நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் வளர்ந்தோம். கட்டுநாயக்காவுக்கு ஓட்டம் இருந்தால் அந்த மாதம் வீட்டில சிரிப்பு இருக்கும்.

முதலில படலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நல்லது பொலியுரித்தேன் வகையைச் சேர்ந்தது. தடிப்பு 150 தொடக்கம் 200 மைக்ரோன் வரை வரும். ஒரு தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரோன். கம்பனியில அடிக்கிற பெயின்ற், அடிப்பூச்சு, நிறம், மேல் வார்னிஷ் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 தொடக்கம் 150 மைக்ரோன்தான். ஆக, ஒட்டுற தோல் உள்ள இருக்கிற தோலை விடத் தடிப்பு. இதன் பூர்வீகம் கார் இல்லை. வியட்நாம் போரில அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துத் தின்னாமல் இருக்கத்தான் இப்படிப்பட்ட படலத்தை ஒட்டத் தொடங்கினார்கள். பிறகு பந்தயக் காருக்கு வந்து, அதுக்குப் பிறகு வீட்டுக் காருக்கும் வந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஹெலிக்கு ஒட்டினதையோ எங்கட காருக்கு ஒட்டப் போறியள்?" எண்டு கேட்டார். ஹெலிச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடின தலைமுறைக்கு அது வெறும் தொழில்நுட்பத் தகவல் இல்லை.

சின்னக் கீறல் விழுந்தால் தானாக மாறும் எண்டு விளம்பரம் செய்கிறார்களே, அது பொய்யில்லை. படலத்தின் மேல்பூச்சு சூடு பட்டால் இளகிப் பழைய நிலைக்கு வரும். வெந்நீர் ஊத்தினாலோ வெயிலில விட்டாலோ துணி துடைச்ச கோடுகள் மறையும். எங்கட ஊரில வெயிலுக்கு என்ன பஞ்சம்! ஆனால் படலம் வெட்டுப்பட்டால் வெட்டுத்தான். தகரம் நெளிந்தால் படலமும் சேர்ந்து நெளியும். இன்னொரு விஷயம்: செரமிக் கோட்டிங்கையும் இதையும் ஒண்டாகக் கதைக்கிறார்கள். அந்தப் பூச்சு ஒரு சில மைக்ரோன்தான். தண்ணி வழுகும், கழுவ லேசு, மினுக்கமாக இருக்கும். கல்லெறியை அது தடுக்காது.

சரி, எங்கட ரோட்டில பெயின்ற்றுக்கு எதிரி ஆர்? ஏ9இல் முன்னால போற மணல் டிப்பர் முதலாவது. கல் தெறிக்கிறது முன் பம்பருக்கும் பொனற்றின் விளிம்புக்கும்தான். கூரைக்கும் டிக்கிக்கும் 200 மைக்ரோன் போர்வை போர்த்துவதில் கொழும்பு போய்வாற காருக்குக்கூடப் பெரிய பிரயோசனம் இல்லை. ஒழுங்கைக்குள் கதியால் வேலியும் ஓட்டோவின் கண்ணாடியும் உரசும், அதுக்குப் படலம் நல்லது. காக்கை எச்சம் வெயிலில காய்ந்தால் வார்னிஷைத் தின்னும். ஆனால் ஒரு போத்தல் தண்ணியும் ஈரத்துணியும் காருக்குள் இருந்தால் அதைச் சமாளிக்கலாம். கிணற்றுத் தண்ணி இன்னொரு எதிரி. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாற தண்ணி, நண்பகலில கழுவிக் காய விட்டால் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் படியும். இந்தக் கறை படலத்துக்கு மேலயும் அப்படியேதான் பிடிக்கும்.

கடற்காற்று வேறு கதை. உப்பு பிடிக்கிறது அடியில, மட்காட்டுக்கு உள்ளுக்கும் சட்டத்தின் மடிப்புகளிலும். மேல எத்தனை லட்சத்துக்கு ஒட்டினாலும் கீழ துரு தன்பாட்டில தின்னும். 90களில பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரினும் மொறிஸும் இண்டைக்கும் சில வீட்டு முற்றங்களில நிற்கின்றன எண்டால், அது மேல்பூச்சின் புண்ணியம் இல்லை. எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் பார்த்துப் பார்த்துத் திருத்தின கராஜ்காரரின் புண்ணியம்.

ஆனாலும் சனம் ஏன் ஒட்டுது எண்டு எங்களுக்கு விளங்காமல் இல்லை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில. இடையில கிட்டத்தட்ட ஐந்து வருசம். வாங்கின விலையை விடக் கூட விலைக்குப் பழைய கார் விற்ற காலம் அது. வேற இடங்களில கார் ஓட ஓடத் தேயுற சாமான், இங்க அது தங்கம் மாதிரி ஆகிவிட்டது. தங்கத்தைப் பொத்தி வைக்கத்தான் பார்ப்பார்கள். செற்றிக்குப் பொலித்தீன் கழட்டாத வீடுகளில வளர்ந்த எங்களுக்கு இது புதிதுமில்லை. ஒரு சின்னச் சிரிப்பு என்னவென்றால், எங்கட காரின் பதிவுப் புத்தகத்தில 'அப்சலூட் ஓனர்' எண்ட இடத்தில லீசிங் கம்பனியின்ர பெயர்தான் இருக்கிறது. அவர்களின்ர சொத்துக்கும் அடுத்து வாங்கப்போற ஆளின்ர சந்தோசத்துக்கும் நாங்கள் தோல் போர்த்திக் கொடுப்பதா?

அப்பாவிடம் இந்த நியாயம் எடுபடவில்லை. "கூப்பிடுற ஆள் முதல் பாக்கிறது காரின்ர முகத்தை. முகம் கீறுப்பட்டுக் கிடந்தால் ட்ரைவரும் அப்பிடித்தான் எண்டு நினைப்பான்" எண்டார். இருபது வருசமாக மற்றவர்களின் வாகனம் ஓடி, ஐம்பது வயதுக்குப் பிறகு முதல் முதலாக ஒரு கார் எடுத்தவரின் பேச்சு அது. அதை 'வீண் பெருமை' எண்டு ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முடிவை இழுத்தது ஒரு சின்ன மீற்றர். ஒட்டுற கடைப் பெடியன், விலை சொல்லுறதுக்கு முதல், பெயின்ற் தடிப்பு அளக்கிற கருவியை ஒவ்வொரு பலகையாக வைத்துக்கொண்டு போனான். எல்லா இடமும் 100 சொச்சம். இடது முன் கதவில மட்டும் 300ஐத் தாண்டியது. "அங்கிள், இந்தக் கதவு திரும்ப அடிச்சது. உள்ள பேஸ்ற்றும் வைச்சிருக்கிறாங்கள் போல." அடிபடாத கார், கம்பனிப் பெயின்ற் எண்டு சத்தியம் பண்ணித்தான் எங்களுக்கு விற்றார்கள். அப்பா ஒண்டும் கதைக்கவில்லை. பெடியன் நேர்மையானவன். திரும்ப அடிச்ச இடத்தில ஒட்டினால், நாளைக்குக் கழட்டும்போது பெயின்ற்றும் சேர்ந்து உரிஞ்சு வரலாம், அதுக்குத் தாங்கள் பொறுப்பில்லை எண்டும் சொன்னான். பழைய கார் வைத்திருக்கிற நீங்கள் ஒட்டுறதுக்கு முதல் இந்த அளவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. மலிவாகத் தாறம் எண்டால் அது பி.வி.சி.யா எண்டும் கேளுங்கோ. அது கெதியாக மஞ்சளாகும், விறைக்கும், கழட்டும்போது பசை மிஞ்சும். வாரண்டி எண்டு சொன்னால் எதுக்கு வாரண்டி எண்டு வாசியுங்கோ. மஞ்சளாகிறதுக்கும் வெடிக்கிறதுக்கும் தருவார்கள். கல் பட்டுக் கிழிந்ததுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

அதே இடத்தில தங்கச்சி குனிந்து ரயரைப் பார்த்தாள். தவாளிப்புக்குள் ஒரு சின்னக் கட்டை இருக்கும், 1.6 மில்லிமீற்றர் உயரம். ரயர் அந்தக் கட்டையின் மட்டத்துக்குத் தேய்ந்தால் மாத்தவேணும். பின் ரயர் இரண்டும் அந்த மட்டத்தில. மாரி தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. இரவில கட்டுநாயக்கா ஓட்டம், நனைந்த ரோட்டு, பின்னால ஆரோ ஒருவரின் பிள்ளைகள் நித்திரை. அதுக்குப் பிறகு 350,000 எண்ட கதை அந்தக் கடை வாசலில எழும்பவேயில்லை.

புதுக் கார், கறுப்பு நிறம், பத்து வருசம் வைத்திருக்கப் போறம், கையில காசு மிதக்குது எண்டால் முழுக்க ஒட்டுங்கோ, குறை சொல்லமாட்டோம். எங்களைப் போன்றவர்களுக்கு முன் பம்பரும் கதவுப்பிடிக்கு உள்பக்கமும் காணும். பிடிக்கு உள்ளதான் நகக்கீறல் விழும். அப்பாவும் அதைத்தான் செய்வித்தார். மிச்சக் காசுக்கு நாலு ரயரும், அடிப்பக்கத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சும். காலமை ஆறு மணிக்கு, வெயில் ஏற முதல் கழுவித் துணியால ஒத்தித் துடைக்கிறார்.

மூன்று கதவுப்பிடிகளுக்குத்தான் படலம். இடது முன் கதவுக்கு வேண்டாம் எண்டு சொல்லிவிட்டார். "அது ஆரோ அடிச்ச பெயின்ற்தானே, அது கிடக்கட்டும்."