ஐம்பதும் ஐம்பதும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். கல்லூரியின் பெருமைகளை எடுத்துரைக்க என்னினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆதலின், இரசாயன ஆய்வுகூடத்தில் நான் செய்த பிழையொன்றையே எழுதத் துணிந்தேன்.

1988ஆம் ஆண்டு அது. தூய எதனோல் 50 மில்லிலீற்றரையும் அதேயளவு நீரையும் கலந்து, ஆறவிட்டு, அளவுச்சாடியை நோக்கினேன். திரவமட்டம் 96 இற்குச் சற்று மேலே நின்றது. சிந்திவிட்டேன் என்றஞ்சி, குறிப்பேட்டில் 100 என்றெழுதினேன். ஆசிரியர் அதனைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நீர் கண்டதோ, கூட்டிப் பார்த்ததோ?" என்றார். ஏசவில்லை. மறுபடியும் செய்யச் சொன்னார். மறுபடியும் 96½ தான். அந்த 100ஐ வெட்டி, பக்கத்திலே 96½ என்று எழுதிய குறிப்பேடு இன்னும் என்னிடம் உண்டு.

திரவங்கள் கலப்பது வெறுங் கூட்டற் கணக்கன்று. நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புக்களால் ஒன்றையொன்று பற்றி நிற்பன. புதிதாய் வரும் மூலக்கூறு அப்பிணைப்பிற் பங்குகொள்ளுமா, ஒதுங்கி நிற்குமா என்பதைப் பொறுத்தே கலப்பும் பிரிவும் அமையும். இதனைக் கணினியில் முன்கூட்டியே காணும் முறை அனீசுர் இரகுமான் போன்றோரால் வளர்ந்தது. ஐதராபாத்தில் பிறந்த அவர், 1964இல் 864 ஆகன் அணுக்களின் அசைவைக் கணித்தார். 1971இல் ஸ்ரிலிங்கருடன் சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகளைக் கணித்தார். ஒவ்வோர் அணுவின்மீதும் ஏனையவை செலுத்தும் விசையைக் கண்டு, அதனைச் சிறிது நகர்த்தி, மீண்டும் விசையைக் காண்பதே முறை. ஒரு செக்கனின் நூறு கோடியிலொரு பங்கை மேலும் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் நேரமே ஓரடி. அடிகளோ பல இலட்சம்! பொறுமையற்றவர்க்கு இது தொழிலன்று.

2002இல் அந்நிய நாடொன்றிலே, அசற்றோனும் நீரும் கலப்பதை இவ்வாறு ஆராய்ந்துகொண்டிருந்தேன். இவை எவ்விகிதத்திலும் கலக்கும் என்பது ஆய்வுகூடத்திற் கைகழுவும் சிறுவனும் அறிந்தது. சில நூறு மூலக்கூறுகள் கொண்ட என் சிறு பெட்டியிலும் அவை கலந்தே நின்றன. கட்டுரையை எழுதி முடித்தேன். ஒரு நிச்சயத்திற்காகப் பல்லாயிரம் மூலக்கூறுகளுடன் பெரிய பெட்டியொன்றை நெடுநேரம் ஓடவிட்டேன். நீர் ஒருபுறமும் அசற்றோன் ஒருபுறமுமாய் விலகலாயின. சிறு பெட்டியிற் பிரிவதற்கு இடமே இருக்கவில்லை. கலந்ததாய்த் தோன்றியது அதனாலேதான்.

உதவிப்பணம் முடிய நான்கு மாதமே இருந்தது. பெரிய பெட்டியைப் பற்றி எவரும் கேட்கப் போவதில்லை. இரு நாட்கள் அந்தப் படத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள், இரண்டு படங்களையும் பேராசிரியர் முன் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கட்டுரையைத் திருப்பித் தந்தார். ஓராண்டு பிந்தியது. அவ்வாண்டின் பிற்பாதியில் இரவுகளில் உணவகமொன்றிற் கோப்பை கழுவினேன். அங்கும் நீருக்குப் பஞ்சமில்லை.

பிழை, அசற்றோன் அணுக்களுக்கு நாம் கொடுத்த மின்னேற்றங்களில் இருந்தது. நீருடன் அதற்குள்ள நாட்டத்தை அவை குறைத்து மதித்தன. தன்னினத்தோடு சேர்தலும் பிறவினத்தோடு சேர்தலும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்குமிடத்தில், சிறு குறையும் கலவையைப் பிரித்துவிடும். 2003இல் வீரசிங்க, சிமித் என்னும் இருவர், கேர்க்வுட்டும் பவ்வும் 1951இல் வகுத்த கொள்கையைத் துணைக்கொண்டு, பரிசோதனை காட்டும் பரம்பலுக்கு ஒத்துவருமாறு அசற்றோனின் மின்னேற்றங்களை அமைத்து வெளியிட்டனர். அவற்றைப் பெரிய பெட்டியில் இட்டு ஓடவிட்டேன். மூன்று வாரங்கழித்துப் பார்த்தபொழுது, ஆங்காங்கே நீர்க் கூட்டங்கள் இருந்தன, ஆயினும் சுவரில்லை. கலந்தே நின்றன.

அப்படத்தை ஆசிரியருக்கு அனுப்பவெண்ணி உறையில் முகவரியும் எழுதினேன். அவர் காலமானாரென்ற கடிதம் அதே கிழமையில் வந்தது. உறை அந்தக் குறிப்பேட்டினுள் இருக்கிறது.