மூன்று நிமிடச் சத்தம்

கொல்கத்தாவின் ஜனவரிக் குளிர் பெரிய குளிர் அல்ல. 12, 13 டிகிரி. ஆனால் 1986-ம் வருட அம்பாஸடர் ஒன்றின் எஞ்சினுக்கு அது போதும். பாலிகஞ்ச் வீட்டு வாசலில் சாவியைத் திருகியதும் பானெட்டுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல ‘டக் டக் டக்’. மூன்று நிமிடம். பிறகு எதுவுமே நடக்காததுபோல அமைதி.

வண்டியின் சொந்தக்காரர் ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் நாலாவது சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றிப் பார்த்தார்கள், சத்தம் குறைந்தது. பிஸ்டன் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கி போர் செய்ய வேண்டும் என்று தீர்ப்பு. கேட்ட தொகை அவருடைய இரண்டு மாதப் பென்ஷன். “காயலான் கடைக்குப் போடுங்கப்பா” என்றான் ஹைதராபாத்தில் இருக்கும் மகன். ஆளும் பேசியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வருவான். அம்பாஸடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுபோனது. மனைவியைக் கடைசியாக மருத்துவமனைக்கு அழைத்துப்போனது இந்த வண்டிதான். அதை அவர் மகனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, தெருமுனையில் இருக்கும் வயதான மிஸ்திரியிடம் போனார். “ராத்திரியே விட்டுட்டுப் போங்க, பாபு. சூடான எஞ்சின் பொய் சொல்லும்” என்றார் மிஸ்திரி. நியாயம்தான். ஓட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் எஞ்சின் சூடாகி, நோய் ஒளிந்துகொள்கிறது.

மறுநாள் காலை ஆறு மணி. மிஸ்திரி முதலில் ஆயில் அளவைப் பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்தார். ஆயில் பிரஷர் உடனே ஏறியது. பேரிங் போயிருந்தால் சத்தம் கனமாக, அடியிலிருந்து வரும். சூட்டில் ஆயில் இளகியதும் அதிகமாகுமே தவிர மறையாது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ராக்கர் கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினார். டாப்பெட் சத்தம் சீராகவே இருந்தது. பிறகு நாலாவது பிளக் ஒயரைக் கழற்றினார். ‘டக் டக்’ குறைந்தது. சொந்தக்காரரின் முகம் வாடியது.

மிஸ்திரி அசரவில்லை. அந்த சிலிண்டரில் நெருப்புப் பிடிக்காவிட்டால் பிஸ்டன் தட்டுவதும் குறையும், எங்காவது புகை கசிந்தால் அந்தச் சத்தமும் குறையும். இரண்டில் எது? ஒரு கஜம் ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனை காதில். மறு முனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் இடத்தில் மெதுவாக நகர்த்தினார். நாலாவது சிலிண்டர் அருகே வந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். டார்ச் வெளிச்சத்தில் கரி படிந்த கோடு. நட்டு ஒன்று தளர்ந்து, காஸ்கெட் எரிந்திருந்தது. சூட்டில் இரும்பு விரிந்து அந்த இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது. மூன்று நிமிட ரகசியம் அதுதான்.

பெரிய ஒர்க்‌ஷாப் ஏமாற்றியது என்று சொல்ல முடியாது. பிஸ்டனும் சூட்டில் விரியும். அதன் தட்டலும் இதே நேரத்தில்தான் அடங்கும். ஆனால் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதற்கு முன் ஒரு குழாயை வைத்துக் கேட்டிருக்கலாம்.

மல்லிக் பஜாரில் காஸ்கெட் கிடைத்தது. துருப்பிடித்த போல்ட்டுகளை உடைக்காமல் கழற்றத்தான் பாதி நாள் ஆனது.

ஞாயிறு காலை காயலான் கடைக்காரன் சொன்னபடி வந்தான். அவன் முன்னிலையிலேயே சாவியைத் திருகினார்கள். ‘டக் டக்’ இல்லை. உற்றுக் கேட்டால் அரை நிமிடம் லேசாக ஒரு ‘டிக் டிக்’.

“இது பிஸ்டன்தான், பாபு. வயசாச்சு. இருக்கட்டும். குளிரில் முறுக்காதீங்க, மெதுவா கிளம்புங்க” என்றார் மிஸ்திரி.

வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, சொந்தக்காரர் மகனுக்குப் போன் செய்தார்.