வாசலோடு நின்றுவிடும் கணவன்

கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளில் கேரளத்தின் கடலோர மருத்துவமனைகள் முன்னால் ஆட்டோக்கள் வரிசையாக வந்து நிற்கும். பெண் இறங்குவாள். கூடவே அம்மா இறங்குவார், அல்லது மாமியார். கணவன் வந்திருந்தால் அவன் வாசலோடு நின்றுவிடுவான். உள்ளே எடை பார்ப்பார்கள். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் அளந்து அட்டையில் எழுதுவார்கள். முழங்கையில் நீலம் பாரித்திருந்தால் நர்ஸ் ஒரு வார்த்தை கேட்கக்கூடும். பதில் தயாராக இருக்கும்: “குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன், சிஸ்டர்.” பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

விழிஞ்ஞம், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கோவளத்தை அடுத்துள்ள பழைய துறைமுகம். ஆய் மன்னர்கள் ஆண்ட ஊர். ராஜராஜ சோழனின் படை கைப்பற்றியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் ஊரும் இதுதான். 2024 ஜூலையில் 300 மீட்டர் நீளமுள்ள ‘சான் ஃபெர்னாண்டோ’ சரக்குக் கப்பல் இங்கே வந்து நின்றது. 2025 மே 2 அன்று புதிய சர்வதேசத் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கு முன் 2022ல், கடல் அரிப்பையும் பிழைப்பையும் முன்வைத்து மீனவர்கள் நூறு நாட்களுக்கு மேல் துறைமுக வாசலில் போராடினார்கள். அந்தப் பந்தலில் பெண்களும் திரளாக உட்கார்ந்திருந்தார்கள்.

கடலோரத்துப் பெண் வாயில்லாப் பூச்சி அல்ல. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கிறவள். ஏலக்காரரோடு மல்லுக்கட்டுகிறவள். கடன் வாங்குவதும் அடைப்பதும் பெரும்பாலும் அவள் பொறுப்பு. இதே கடற்கரையின் தமிழ்த் தொடர்ச்சியான கன்னியாகுமரி மாவட்டத்தின் முக்குவர் பெண்களைப் பற்றி மானுடவியலாளர் கல்பனா ராம் எழுதி 1991ல் வெளிவந்த ஆய்வு நூலில் இந்தப் பணப் பொறுப்பு பற்றி விரிவாகவே பேசப்படுகிறது. வெளியே இத்தனை பேசுகிறவள், பரிசோதனை அறையில் மட்டும் ஏன் வழுக்கி விழுகிறாள்?

ஒரு காரணம், கேள்வியிலேயே இருக்கிறது. அரசு அறிக்கைகளும் ஆய்வாளர்களும் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘நெருங்கிய வாழ்க்கைத் துணைவரின் வன்முறை’. எந்தப் பெண்ணும் இதைத் தன் வாயால் சொல்லப் போவதில்லை. அவளுடைய அகராதியில் இருப்பவை வேறு சொற்கள்: அடி, சண்டை, வீட்டு விஷயம், ‘கோபம் வந்தா அவர் இப்படித்தான்’. “உங்கள் வீட்டில் வன்முறை உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “எப்போதாவது கை நீட்டினாரா? பிடித்துத் தள்ளினாரா? வயிற்றில் உதைத்தாரா? வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா?” என்று தனியாக உட்கார வைத்துக் கேட்டால் பதில் வேறாக இருக்கலாம்.

வாயும் வயிறுமாக இருப்பவளுக்குப் பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிற சமூகம் இது. மசக்கைக்காரி ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்காவிட்டால் பாவம் என்று நம்புகிற சமூகம். அதே சமூகம்தான் ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழியையும் வைத்திருக்கிறது. அடிபட்டவளுக்கு ஆறுதலாகச் சொல்லப்படும் அந்த வாக்கியம், அடித்தவனுக்கு எளிதாக மன்னிப்பும் வழங்கிவிடுகிறது.

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 29.3 சதவிகிதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இது 38.1. கேரளத்தில் சுமார் 10தான். இதைக் கேட்டு மலையாளிகள் பெருமைப்படலாம். ஆனால் அதே ஆய்வில், சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று கருதிய கேரளப் பெண்கள் 52 சதவிகிதம். பத்தில் ஒருத்தி அடி வாங்கியதாகச் சொல்லும் மாநிலத்தில், பாதிப் பெண்கள் அடியில் நியாயம் இருக்கலாம் என்கிறார்கள். நியாயமான அடியைப் பற்றி யார் போய்ப் புகார் செய்வார்கள்?

கர்ப்ப காலத்தில் அடிபட்டதாக நாடு முழுவதும் சொன்னவர்கள் 3.1 சதவிகிதம். இதுவும் குறைத்துச் சொல்லப்பட்ட கணக்காகவே இருக்க வேண்டும். மும்பையில் இரண்டு மாநகராட்சி மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளைத் தனியே அழைத்து, பயிற்சி பெற்றவர்கள் கேட்டபோது சுமார் 16 சதவிகிதம் பேர் அந்தக் கர்ப்பத்திலேயே வீட்டு வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அங்கே கேட்ட விதம் வேறு, கேட்டவர்களும் வேறு.

உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் நடத்தி 2005ல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் கசப்பான உண்மைகள் உண்டு. கர்ப்பத்தில் அடிபட்ட பெண்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியவர்கள். அடித்தவன் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அந்தக் குழந்தையின் தகப்பனேதான். விளைவுகளை மருத்துவம் அறியும்: ரத்தப்போக்கு, கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு மனச்சோர்வு. இரும்புச் சத்து மாத்திரையால் இதைச் சரிசெய்ய முடியாது.

குடிதான் காரணம் என்பது கடற்கரையில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் கிடைக்கும் விளக்கம். குடி அடியை மோசமாக்குகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குடிக்காத கணவனும் அடிக்கிறான். குடித்தவனும் போதையில் படகு முதலாளியை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம் என்பது போதைக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவன் எங்கோ கற்றிருக்கிறான் என்றால், வேறொன்றை அவனுக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

கற்றுக்கொடுக்க இடம் இல்லாமலில்லை. கேரளக் கத்தோலிக்கர்களிடையே திருமணத்துக்கு முன் ஆயத்த வகுப்பில் கலந்துகொள்வது கட்டாயம். வழக்கமாக மூன்று நாள். அதன் சான்றிதழ் இல்லாமல் கோயிலில் கல்யாணம் இல்லை. மாநில அரசின் சிறுபான்மையினர் நலத்துறையும் இலவசத் திருமணத்துக்கு முந்தைய கவுன்சலிங் நடத்துகிறது. லத்தீன் கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் விழிஞ்ஞம் போன்ற ஊரில், இளைஞன் ஒருமுறையாவது பெஞ்சில் உட்கார்ந்து குடும்ப வாழ்க்கை பற்றிக் கேட்டுவிடுகிறான் என்பது சின்ன விஷயமல்ல. இந்தியாவில் எத்தனை ஊர்களுக்கு இது வாய்த்திருக்கிறது?

ஆனால் அந்த வகுப்பு தாலியோடு முடிந்துவிடுகிறது. கடன், கூட வந்த சந்தேகம், உடலுறவுக்கு மறுப்பு, பெண்ணா ஆணா என்ற கேள்வி எல்லாம் அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வருகின்றன. ஏழாம் மாதத்தில் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொது. அவளுக்கு அது ஓய்வு, சிலருக்குப் பாதுகாப்பு. ஆனால் அதே வழக்கம் கணவனைக் கர்ப்பத்தின் விருந்தாளியாக்கிவிடுகிறது. தகப்பனாவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. டெல்லியில் இஎஸ்ஐ மருந்தகங்களில் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில், பாப்புலேஷன் கவுன்சில் அமைப்பு கர்ப்பிணிகளின் கணவன்மாரையும் கவுன்சலிங்குக்கு அழைத்தது. வரமாட்டார்கள் என்று நினைத்த ஆண்கள் வந்தார்கள். தம்பதிகளிடையே பேச்சும் கூடியது. மகாராஷ்டிர கிராமங்களில் 1,081 இளம் தம்பதிகளோடு நடந்த ‘சார்ம்’ ஆய்வு, முதல் இரண்டு சந்திப்புகளில் கணவனோடு மட்டும் பேசியது. பேசியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆண் மருத்துவப் பணியாளர்கள். மூன்றாவது சந்திப்புக்குத்தான் மனைவியும் வந்தாள். ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டபோது, அந்தப் பெண்கள் பாலியல் வன்முறையைக் குறைவாகவே சந்தித்திருந்தார்கள். பெங்களூரில் ‘தில் மில்’ என்ற முயற்சி கர்ப்பிணியையும் மாமியாரையும் சேர்த்து உட்கார வைத்தது. அடிக்கும் கைக்குப் பின்னால் சில வீடுகளில் தூண்டும் வாயும் உண்டு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

உறுதியான பலன் தந்தது தொலைவில் உள்ள ருவாண்டா. அங்கே ‘பண்டேபெரெஹோ’ திட்டத்தில், குழந்தையை எதிர்பார்த்திருந்த ஆண்களும் சிறு குழந்தைகளின் தகப்பன்களும் 15 அமர்வுகளில் கலந்துகொண்டார்கள். அவற்றில் எட்டுக்கு மனைவியும் வந்தாள். நாப்கின் மாற்றுவதிலிருந்து கோபத்தை அடக்குவது வரை பேசினார்கள். 21 மாதம் கழித்து, திட்டத்தில் சேராத குடும்பங்களில் 57 சதவிகிதப் பெண்கள் அந்த ஆண்டில் அடிபட்டதாகச் சொன்னார்கள்; சேர்ந்த குடும்பங்களில் 33 சதவிகிதம். 33 என்பதும் கொண்டாட வேண்டிய எண்ணல்ல. ஆனால் ஆண் மாறமாட்டான் என்று கைவிரிப்பவர்களுக்கு இது போதுமான பதில்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்து “இவர் உங்களை அடிக்கிறாரா?” என்று கேட்பது உதவி அல்ல. அன்று இரவு அவள் வாங்கப் போகும் அடிக்கு அதுவே முன்னுரை. கழுத்தை நெரித்தவனோடு, ஆயுதத்தைக் காட்டி மிரட்டியவனோடு சேர்ந்து பாடம் கேட்கச் சொல்வது அவளைக் காட்டிக்கொடுப்பதாகும். அவளுக்குத் தேவை வகுப்பு அல்ல, வெளியேறும் வழி. எனவே வரிசை முக்கியம்: முதலில் பெண்ணிடம் தனியாக, பிறகு ஆண்களிடம் ஆண்கள், பாதுகாப்பு என்று அவளே சொன்னால் மட்டும் இருவரும் சேர்ந்து. கேட்ட பிறகு செய்ய ஏதாவது இருந்தால்தான் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கிறது.

விழிஞ்ஞத்தில் ஆண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிறிஸ்தவ மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மற்ற கடற்கரைகள் கொந்தளிக்கும்போது, பக்கத்து ஊர்ப் படகுகளும் இந்தப் பாதுகாப்பான துறைமுகத்துக்கு வந்துவிடும். கிழிந்த வலையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து தைக்கும்போது பேச்சுக்குக் குறைவிருக்காது. ஊர்ப் பெரியவர் ஒருவர், ‘பிள்ளைத்தாய்ச்சியைத் தொட்டவனோடு நாங்கள் படகேற மாட்டோம்’ என்று அங்கே ஒருமுறை சொன்னால், அது நூறு துண்டுப் பிரசுரங்களுக்குச் சமம்.

இதற்குப் புதிய அலுவலகம் எதுவும் திறக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளர் இருக்கிறார். அரசு மருத்துவமனைகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான ‘பூமிகா’ மையங்கள் இருக்கின்றன. குடும்பஸ்ரீயின் ‘ஸ்நேகிதா’ உதவி மையமும் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், கணவனைச் சிறைக்கு அனுப்பாமலேயே பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் வசிக்கும் உரிமையும் பெற முடியும். குழந்தையின் தகப்பனை ஜெயிலில் பார்க்க விரும்பாத, ஆனால் அடியும் வேண்டாத பெண்கள்தான் அதிகம். இந்தச் சட்டம் அவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. அதை அவர்களுக்குச் சொல்ல, பிரசவ வலி எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாம் மாதப் பரிசோதனையே போதும்.