பரணில் கிடந்த சஹன்

திருச்செந்தூருக்கு வடக்கே, கடலோரம் இருக்கும் காயல்பட்டினம் எங்கள் ஊர். சென்னையில் திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியேறியபோது ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான்களுள் ஒரு சஹனும் இருந்தது. உம்மா கொடுத்தனுப்பியது. வெள்ளைப் பூச்சும் விளிம்பில் நீலக்கோடும் கொண்டது. நால்வர் சுற்றி அமரலாம். இரண்டு அறைகளுள்ள வாடகை வீட்டில் அதை வைக்க இடமில்லை. செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். ஏழாண்டுகள் அது இறங்கவேயில்லை.

சஹனில் உண்பது எப்படி என்று ஊரில் எவரும் பாடம் நடத்துவதில்லை. களரி விருந்துகளில் பெரியவர்கள் அருகே அமர்ந்து, நெய்ச்சோற்றோடும் களரிக்கறியோடும் சேர்த்துக் கற்றுக்கொண்டதுதான். தன் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். நல்ல துண்டாக வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். கூட உண்பவர் மெதுவாக உண்டால் நாமும் மெதுவாக உண்ண வேண்டும். பெண்கள் புழங்கும் முடுக்குகள் வழியே ஒரு வீட்டு ஆணம் மறுவீட்டுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். போன கிண்ணம் வெறுங்கிண்ணமாகத் திரும்புவது அரிது.

சென்னையில் எங்கள் சாப்பாடு வேறு விதமாயிற்று. ஒருவர் காலை ஏழு மணிக்கே டிபன் பாக்ஸுடன் பறக்கும் ரயிலைப் பிடிப்பார். மற்றவர் ஒன்பதுக்கு நின்றுகொண்டே உண்பார். பிள்ளைகளுக்குப் பள்ளி, பிறகு டியூஷன். இரவு எவர் முதலில் வருகிறாரோ அவர் சூடாக்கி உண்டுவிட்டு மற்றவர்க்கு மூடிவைப்பார். தெருவிலோ வேறு காட்சி. மேன்ஷன் பையன்கள் மெஸ் வாசலில் டோக்கனோடு நிற்பார்கள். சேப்பாக்கத்தில் ஆட்டம் இருந்தால் ஆரவாரம் வீடுவரை கேட்கும். பார்த்தசாரதி கோயில் வீதியில் மாடுகள் ஆட்டோக்களை நிறுத்திவிட்டு அசைபோடும். இவ்வளவு ஆள் நடமாட்டத்தின் நடுவே நாங்கள் தனித்தனியே உண்டுகொண்டிருந்தோம். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். கைப்பேசிக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

உம்மா வஃபாத்தான பின், 2023 தொடக்கத்தில் வாப்பாவை எங்களோடு அழைத்துவந்தோம். எங்களில் ஒருவருக்கு வாப்பா, மற்றவருக்கு மாமா. வீட்டில் எல்லோருக்கும் வாப்பாதான். கொழும்பில் கடை வைத்திருந்தவர், கல்லாவிலிருந்தே நாலு பேரோடு பேசிப் பழகியவர். மூடிவைத்த தட்டைத் திறந்து தனியே உண்டுவிட்டு, தட்டைத் தாமே கழுவிக் கவிழ்த்துவைப்பார். குறை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததைக் குறையின்மை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவ்வாண்டு மார்ச் இறுதியில் நோன்பு தொடங்கியது. வாப்பாவுக்காகக் கஞ்சி காய்ச்சினோம், வாடா சுட்டோம். அவரோ அஸருக்குப் பெரிய பள்ளிக்குப் போனால் மஃரிப் முடிந்துதான் திரும்பினார். நோன்பைப் பள்ளியிலேயே திறந்துகொள்வதாகச் சொன்னார். ஒருநாள் கீழ்வீட்டுக்காரர், “பெரியவர் தினமும் பள்ளிவாசல் வரிசையில உட்கார்ந்திருக்காரே, நீங்க நேரத்துக்கு வீட்டுல இருக்கிறதில்லையா?” என்று இயல்பாகக் கேட்டார். எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் அவரைக் கையோடு அழைத்துவந்துவிடுவது என்று புறப்பட்டோம். ஒருவர் வாயிலருகே நிற்க, மற்றவர் உள்ளே சென்றார்.

வாலாஜா பள்ளி 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தாரால் கருங்கல்லால் கட்டப்பட்டது. அதன் வளாகத்தில்தான் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அடங்கியிருக்கிறார்கள். “நம்ம திருநெல்வேலிப் பேட்டைக்காரர்” என்று வாப்பா அங்கே ஸலாம் சொல்லாமல் கடப்பதில்லை. அன்று மாலை பரந்த அந்த முற்றத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருந்தனர். தொப்பி அணிந்த சிலர் பேரீச்சம்பழமும் சோறும் ஊறுகாயும் நீரும் வைத்தபடி வரிசை வரிசையாக நடந்தனர். வாப்பாவின் ஒருபுறம் ஆட்டோ ஓட்டுநர். மறுபுறம் பீகாரிலிருந்து டைல்ஸ் வேலைக்கு வந்த இளைஞன். அவனுக்குத் தமிழ் தெரியாது, வாப்பாவுக்கு இந்தி தெரியாது. பாங்கு சொன்னதும் வாப்பா தம் பழத்தில் பெரியதை அவன் பக்கம் தள்ளினார். அவன் தன் ஊறுகாயை இவர் பக்கம் தள்ளினான். சஹன் இல்லை, சஹன் மரியாதை அப்படியே இருந்தது.

பரிமாறியவர்கள் நம்மவர்கள் என்றே எண்ணினோம். “அவங்க சிந்திக்காரங்க” என்றார் வாப்பா. நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் என்பவர் மயிலாப்பூரில் நிறுவிய சூஃபிதார் அறக்கட்டளையினர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ரமலான் தோறும் தங்கள் இடத்தில் சைவ உணவு சமைத்து, வண்டியில் ஏற்றிவந்து, தலையில் தொப்பியிட்டுத் தம் கையாலேயே பரிமாறுகிறார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். எல்லாவற்றையும் இழந்து வந்த ஊரில் காலூன்றியவர்கள், அவ்வூர் நோன்பாளிகளுக்குச் சோறிடுகிறார்கள். சொந்த வாப்பாவுக்கு மூடிவைத்த தட்டை மட்டுமே கொடுத்துவந்த நாங்கள் அதைப் பார்த்து நின்றோம்.

திரும்பும் வழியில், நாளை முதல் வீட்டிலேயே நோன்பு திறக்கும்படி வேண்டினோம். வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அங்கே ரெண்டு பேரு எனக்கு இடம் போட்டு வச்சிருப்பாங்க மக்களே” என்றார். அவ்வளவுதான். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அவ்வாண்டு நோன்பு அப்படியே கழிந்தது. நாங்களும் திருந்திவிடவில்லை, வெட்கம் ஒருவாரம் நின்றது, அலுவலகம் ஆண்டு முழுவதும் நின்றது.

டிசம்பரில் ஒரு திருமணத்துக்காக வாப்பா ஊருக்குப் போனார். மழை வலுக்கிறது, தங்கி வாருங்கள் என்று சொல்லியும் கேளாமல் 17ஆம் தேதி இரவு செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. தண்டவாளத்தின் அடிமண் அரித்துப் போக, ஏறத்தாழ 800 பயணிகளோடு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. வாப்பாவின் கைப்பேசி அணைந்துவிட்டது. அந்த இரண்டு இரவுகளில் நாங்கள் ஓதியதும் அழுததும் இங்கே வேண்டாம். மூடிவைத்த தட்டுகள்தாம் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தன.

வீடு வந்து சேர்ந்த வாப்பா வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. சோற்றைப் பற்றிப் பேசினார். பக்கத்துப் புதுக்குடி ஊரார், தங்கள் வீடுகளே நனைந்துகொண்டிருக்கையில், கோயிலில் உலையேற்றி ரயில்காரர்களுக்கு உணவு கொடுத்திருக்கிறார்கள். திருச்செந்தூரில் மொட்டையடித்து, தலையில் சந்தனம் காய்ந்த ஒரு சிறுவனும் அவன் தகப்பனாரும் வாப்பாவின் எதிர் இருக்கையில் இருந்தார்களாம்.

“மூணு பேருக்கும் ஒரே தட்டு. தட்டு பத்தலைல்லா” என்றார். “பையன் நடுவுலேர்ந்து எடுத்தான். உன் பக்கத்துலேர்ந்து எடுன்னு சொல்லிக் குடுத்தேன்.”

அன்றிரவே பரணில் ஏறினோம். செய்தித்தாள் மக்கி உதிர்ந்தது. சஹனின் விளிம்பில் ஓரிடம் பூச்சுப் பெயர்ந்திருந்தது, மற்றபடி குறையில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தால் இரு புறமும் வெளியே நீட்டிக்கொண்டது. தரையில் பாய் விரித்தோம். இளையவள் நடுவிலிருந்து எடுத்தாள். வாப்பா எங்களைப் பார்த்தார். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

2024 நோன்பில் முப்பது நாளும் சேர்ந்து திறக்க எங்களால் இயலவில்லை. எண்ணிப் பார்த்தால் பதினொரு நாள்தான். மற்ற நாள்களில் வாப்பா வழக்கம்போலப் பெரிய பள்ளிக்குப் போனார். பதினொன்றில் ஒருநாள் ஆட்டோ ஓட்டுநரையும் டைல்ஸ் வேலைத் தம்பியையும் அழைத்து வந்தார். சஹனைச் சுற்றி ஆண்கள் நால்வர், பெண்களும் பிள்ளைகளும் உள்ளறையில். நெய்ச்சோறு அடி பிடித்துவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை. சஹன் எங்கள் கழுவுதொட்டியில் கொள்ளாது என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தத் தம்பி அதைத் தலைமேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். பின்னால் வாப்பா வாளியோடு படியேறினார்.