மோரே: எல்லையில் ஒரு தமிழ்த் தெரு

மணிப்பூரின் தலைநகரான இம்பாலிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சென்றால் இந்தியா முடிந்துவிடுகிறது. அந்த முடிவில் இருக்கிற சிற்றூரின் பெயர் மோரே. அங்கே காலையில் இட்லியும் சாம்பாரும் கிடைக்கும். அங்காள பரமேஸ்வரிக்குக் கோபுரத்தோடு கூடிய கோயில் உண்டு. தமிழ்ச் சங்கம் உண்டு. குக்கியர், நாகர், நேபாளியர், பஞ்சாபியர், மார்வாரிகள் நடுவே தமிழர் ஒரு தெருவாக அல்ல, ஒரு சமுதாயமாகவே அங்கே வாழ்ந்து வருகிறார்கள்.

நான் அங்கே சென்றது 2017-ஆம் ஆண்டில். இம்பாலிலிருந்து பல்லேல் வரையில் சாலை சமவெளியில் ஓடுகிறது. இருபுறமும் நெல்வயல்கள், மெய்தியர் வீடுகளின் முற்றத்தில் துளசி மாடங்கள். பல்லேலைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. துளசி மாடங்கள் மறைந்து, ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் தகரக் கூரையிட்ட ஆலயம் தென்படுகிறது. பெரும்பாலும் பாப்திஸ்து சபைகள். சில கிராமங்கள் நாகருடையவை, சில குக்கியருடையவை. பெயர்ப்பலகையைப் படித்துத்தான் வெளியூரான் அறிந்துகொள்ள வேண்டும். 1944-ல் ஜப்பானியப் படையும் பிரிட்டிஷ் படையும் இந்த மலைகளின் மேல்தான் மாதக்கணக்கில் போரிட்டன. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தினரும் பல்லேல் அருகே வந்து போரிட்டார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து புறப்பட்ட தமிழர் பலர் அந்தச் சேனையில் இருந்தனர் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லுகிறார்கள்?

தமிழர் மோரேயில் குடியேறிய கதை பர்மாவில் தொடங்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்வயலுக்கும் துறைமுகத்துக்கும் வட்டிக்கடைக்குமாக நம் ஜனங்கள் கப்பலேறினர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் கடன்பட்ட பர்மிய விவசாயிகள், 1930-களின் விலைவீழ்ச்சியில் நிலங்களை இழந்தார்கள். பர்மியருடைய கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபம் விழுந்தது பெரும்பாலும் கூலிக்காரன் தலையில். 1930-லும் 1938-லும் இந்தியருக்கு விரோதமான கலவரங்கள் மூண்டன. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவே பர்மாவைவிட்டு வெளியேறினர். தமு, மோரே, பல்லேல் என்ற இதே வழி அவர்களுடைய பாதைகளில் ஒன்று. வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம். யுத்தத்துக்குப் பின் திரும்பிச் சென்றவர்களை, 1962-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் அரசு வணிகங்களை நாட்டுடைமையாக்கி மீண்டும் வெளியேற்றியது.

கப்பலில் சென்னை வந்து இறங்கியவர்களுக்குத் தமிழ்நாடே அந்நிய நாடாயிருந்தது. பேச்சிலே பர்மிய வாடை, உணவிலே பர்மியச் சுவை. சிலர் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் என்று கடை விரித்தனர். அங்கே விற்கப்படும் அத்தோவைத் தின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. வேறு சிலரோ முகாம் வாழ்வைச் சகிக்கமாட்டாமல், தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று இந்தியாவின் குறுக்கே பயணப்பட்டார்கள். எல்லையில் பர்மியக் காவலர் தடுத்துவிட்டனர். முன்னேயும் போகக்கூடாமல், பின்னேயும் போக மனமில்லாமல், நின்ற இடத்திலேயே கூடாரம் அடித்தார்கள். அதுதான் மோரேயின் தமிழ்க் குடியிருப்பு.

நான் உணவருந்திய கடையில் இருந்த முதிய தாயார், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்கள். சொன்னேன். "உங்களுக்கு அம்மா?" என்று கேட்டதற்கு, "அப்பாவுக்குச் சிவகங்கைப் பக்கம். நான் பிறந்தது இரங்கூன். பிள்ளைகள் பிறந்தது இங்கே. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சிரித்தார்கள். அடுத்து வந்தவரிடம் மெய்தி மொழியிலும், அதற்கடுத்தவரிடம் பர்மிய மொழியிலும் பேசி அதே கையால் சில்லறை கொடுத்தார்கள்.

ஊருக்கு இரண்டு வாயில்கள். முதலாம் வாயிலின் நட்புப் பாலத்தைக் கடந்தால் ஐந்து கிலோமீட்டரில் பர்மாவின் தமு நகரம். இரண்டாம் வாயிலுக்கு அப்பால் நம்பலாங் சந்தை. சீனத்துக் கம்பளிகளும் தாய்லாந்துச் செருப்புகளும் குவிந்திருக்கும். 1995-ல் எல்லை வணிகம் சட்டப்படி திறக்கப்பட்டது. இந்தியா, மியான்மர், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கும் மோரேயே தலைவாசல் என்று திட்டமிட்டார்கள். சாலையும் சந்தையும் வந்தால் சமாதானமும் கூடவே வரும் என்று திட்டமிடுவோர் நம்பினர். ஆனால் வணிகம் பெருகிய இடத்தில், "இது யாருடைய ஊர்?" என்ற கேள்வியும் பெருகிற்று, வரி வசூலிக்கும் உரிமைக்காகத் துப்பாக்கிகள் வந்தன. 1992-ல் தொடங்கிய குக்கி, நாகா மோதல் ஆண்டுகள் பல நீடித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1995-ல் குக்கியருக்கும் தமிழருக்குமே மோதல் உண்டாகி உயிர்கள் போயின. அநேகத் தமிழ்க் குடும்பங்கள் அப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டன.

கிறிஸ்துவுக்குள் அன்பான வாசகர்களே, இந்த இடத்தில் நாம் சற்றே நிற்க வேண்டும். வில்லியம் பெட்டிகுரூ என்னும் மிஷனரி 1894-ல் மணிப்பூருக்கு வந்தார். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இந்துக்கள் 41.39 சதவிகிதம், கிறிஸ்தவர்கள் 41.29 சதவிகிதம். குக்கியரும் நாகரும் பெரும்பாலும் ஒரே விசுவாசத்தார்; ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அப்படியிருந்தும் ஒருவர் கிராமத்தை ஒருவர் கொளுத்தினார்கள். அங்குள்ள சபைகள் உபவாசித்து ஜெபித்தன, சமாதானத் தூது சென்றன, அதுவும் உண்மையே. எனினும் இரத்தம் ஞானஸ்நானத் தண்ணீரைவிட அடர்த்தியாயிருந்தது என்று சொல்ல நேரிடுகிறது.

நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் நின்ற கீலேயாத்தியர் ஒரே ஒரு சொல்லை உச்சரிக்கச் சொல்லி எப்பிராயீமரைக் கண்டுபிடித்துக் கொன்றதை வாசிக்கிறோம். விழுந்தவர்கள் 42,000 பேர். இரு கோத்திரத்தாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். 2023 மே 3-ஆம் தேதி மணிப்பூர் பற்றியெரியத் தொடங்கியபோது, மெய்தியருக்குப் பழங்குடித் தகுதி கொடுப்பதா என்ற வழக்கு உடனடிக் காரணமாயிருந்தது. நிலம் பற்றிய அச்சம் இரு பக்கத்திலும் நெடுநாளாகவே கனன்றுகொண்டிருந்தது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தனர். சாலைகளில் யோர்தான் துறைகள் மீண்டும் முளைத்தன. வாகனத்தை நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைக் கேட்டு, உயிரை விடுவதா எடுப்பதா என்று தீர்மானித்தார்கள். மெய்தியரும் குக்கியரும் ஒருவர் பகுதிக்குள் ஒருவர் போகக்கூடாத நிலையில், பங்கல் எனப்படும் மணிப்பூர் முஸ்லிம் ஓட்டுநர்களே பெரும்பாலும் இரு பக்கமும் பொருட்களைக் கொண்டுசென்றார்கள்.

இம்பாலில் குக்கியர் வீடுகள் எரிந்தன, ஆலயங்கள் எரிந்தன. அவற்றில் மெய்தி விசுவாசிகளின் ஆலயங்களும் உண்டு. மோரேயில் மெய்தியர் வீடுகள் எரிந்தன; அருகிலிருந்த தமிழர் வீடுகள் சிலவும் தப்பவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 2022 ஜூலையில், மோரேயின் தமிழ் இளைஞர் இருவர் தமு நகரத்துக்குச் சென்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எந்தச் சண்டையிலும் பங்கில்லாத மக்கள் எல்லாச் சண்டையிலும் இழப்பது அந்த ஊரில் வழக்கமாகிவிட்டது.

கைப்பேசியின் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. வேறொரு மாநிலத்தில் 2022-ல் கொலையுண்ட பெண்ணின் படத்தை, மணிப்பூரில் கெடுக்கப்பட்டவள் என்று பரப்பினார்கள். அதை நம்பிப் பழிவாங்கப் புறப்பட்டவர்கள் உண்டு. அரசு இணையத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது. பெங்களூரில் வாழும் வாசகர்களுக்கு 2012 ஆகஸ்டு நினைவிருக்கும். வதந்திக் குறுஞ்செய்திகளால் நடுங்கி, வடகிழக்கு மாநிலத்தார் ஆயிரமாயிரமாய் கவுகாத்தி இரயில்களில் ஏறினார்கள். அதே நகரத்தில் 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்துக்குப் பயந்து ஓடியவர்கள் தமிழர். நம் சபைகளிலே பல மூப்பர்கள் அந்த இரவுகளைக் கண்டவர்கள். மணிப்பூர் மாணவன் ஒருவன் ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்தால், அவனை "சீனாக்காரன்" என்று நம் பிள்ளைகள் அழைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மோரேயின் வாயில்கள் 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் நிமித்தம் அடைக்கப்பட்டன. அடுத்த பிப்ரவரியில் பர்மாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்ற, அகதிகள் மலைவழியாக வந்தார்கள். எல்லைவாசிகள் அனுமதிச் சீட்டின்றி இருபுறமும் 16 கிலோமீட்டர் வரையில் சென்றுவரும் பழைய ஏற்பாட்டை நீக்கப்போவதாக இந்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது; 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதற்கும் வேலி என்றது. மோரே அருகே 10 கிலோமீட்டருக்கு அதற்கு முன்னமே வேலி எழுந்துவிட்டது. குக்கியருக்கு வேலியின் அப்புறத்தில் உடன்பிறந்தார் இருக்கிறார்கள். தமிழருக்கோ இரங்கூனில் இன்னமும் மாமன் மச்சான் உறவுகள் உண்டு. இரவில் தொலைபேசியில் அழைக்கிறவர்கள் முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுகிறார்கள். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது.