நிறம் பாராத கண்

நம் கல்லூரி மாணவர் கூட்டமொன்றில், "ஆறுதல் கூறுவோன் நிறமும் குலமும் பாரான்" என்று யான் பேசினேன். கைதட்டல் மிகுந்தது. கூட்டம் கலைந்தபின் நண்பரொருவர், "பாராதவர் காயத்தைக் கட்டுவதெங்ஙனம்?" என்று வினவினார். எனக்கு விடை தோன்றவில்லை. அவ்வினாவே என்னை மனோதத்துவ நூல்களிடம் செலுத்திற்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கறுப்பின அறிஞர் வில்லியம் கிராஸ் 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம்மினத்தார் தம்மைத் தாமே உணரும் வழியை அதில் ஐந்து படிகளாக வகுத்தார். முதற்படியில் ஒருவர் வெள்ளையரின் அளவுகோலாலேயே தம்மை அளக்கிறார். பின்னர் ஒரு நிகழ்ச்சி அவர் நெஞ்சை உலுக்குகிறது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டமை பலர்க்கு அத்தகைய இடியாயிற்று. மூன்றாவதில் தம்மின வாழ்விலும் கலையிலும் மூழ்கி, வெள்ளையர்க்குரியவற்றை வெறுக்கிறார். நான்காவதில் சினம் தணிந்து, இனப்பற்று உள்ளத்தில் நிலைபெறுகிறது. ஐந்தாவதில் அது தொண்டாகிறது. இம்மாற்றத்திற்குக் கிராஸ் இட்ட பெயர், மனந்திரும்புதலுக்குக் கிறிஸ்தவர் வழங்கும் ஆங்கிலச் சொல்லே. முதற்படியிலுள்ளார் யாவரும் தம்மை வெறுப்பவரே என்னும் கருத்தைப் பின்னர் 1991-இல் வெளிவந்த தம் நூலில் அவரே திருத்தினார்.

என் நெஞ்சைத் தைத்தது ஜேனட் ஹெல்ம்ஸ் என்னும் அம்மையாரின் ஆராய்ச்சி. வெள்ளையர்க்கும் இத்தகைய படிகளுண்டென அவர் 1984-இல் எழுதினார். நிறத்தையே காண்பதில்லை எனல் முதிர்ந்த அன்பன்று, தொடக்கப்படியே என்பது அவர் கொள்கையால் விளங்கும். ஆலோசகர் தம்மை நாடி வந்தவரினும் கீழ்ப்படியில் நிற்பாராயின், வந்தவர் மேலேறத் துணையாதல் அரிது. நிறத்தின் பொருட்டு இகழப்பட்டேன் என்று அழுபவரிடம், "அப்படியிராது" என்பவர் புண்ணை மறுக்கிறாரேயன்றி ஆற்றுகிறாரில்லை.

நல்ல சமாரியன் உவமையை மீண்டும் படித்தேன். ஆண்டவர் அவனை 'ஒரு மனிதன்' என்று மட்டும் கூறி விட்டாரில்லை. யூதர் இகழ்ந்த இனத்தின் பெயரைச் சொல்லியே அவனை உயர்த்தினார். அப்பெயரை நீக்கினால் உவமையின் உயிரே போய்விடும்.

மறுநாள் நண்பரிடம் சென்று, "பார்த்தல் வேண்டும், இழிவாகப் பாராதிருத்தல் வேண்டும். அதற்குமுன் என்னையே யான் பார்த்துக்கொள்ளல் வேண்டும். என் பேச்சுத் தவறு" என்றேன். அவர் சற்றுநேரம் வாளாவிருந்தார். பின், இரண்டாண்டுப் பழக்கத்தில் ஒருநாளும் சொல்லாத ஒன்றை, தம் ஊரில் தமக்கு நேர்ந்ததை, சொல்லத் தொடங்கினார். யான் இடைமறியாது கேட்டிருந்தேன்.