சூரைச்செடி நிழலில் ஓர் அடை

விவிலியத்தில் எலியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். முஸ்லிம்களாகிய நாங்கள் அவரை இல்யாஸ் நபி என்போம். அரசி யேசபேலின் பகைக்குத் தப்பி வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, இனி வாழ்வு வேண்டாம் என்று இறைவனிடம் முறையிட்டுவிட்டு அவர் உறங்கிப்போகிறார். சற்று முன்னர்தான் பெரும் வெற்றி கண்டவர். ஆயினும் உடலும் உள்ளமும் சோர்ந்துவிட்டன.

அவருக்கு வந்த பதிலில் கண்டிப்பு இல்லை, உபதேசமும் இல்லை. வானதூதர் ஒருவர் தட்டி எழுப்புகிறார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. உண்டு குடித்து மீண்டும் படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, போகவேண்டிய வழி நெடியது என்று சொல்லி உண்ணச் செய்கிறார் தூதர். அந்த உணவின் பலத்தால் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகே இறைவன் அவரோடு உரையாடுகிறான்.

கல்முனையில் கிறிஸ்தவ ஆசிரியை ஒருவர் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டபோது எனக்குப் பத்து வயதிருக்கும். அதன் பெறுமதி புரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. இடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் பெயர் மர்யம். பிரசவ வேதனை தாளாமல் ஒரு பேரீச்சை மரத்தடியை நாடிச் சென்ற அந்த அன்னை, இதற்கு முன்னரே இறந்திருக்கலாகாதா என்று புலம்புகிறார். அவருக்குக் கிடைத்த ஆறுதல், காலடியில் ஓர் நீரூற்றும் மரத்தை உலுக்கினால் உதிரும் கனிகளும். இரண்டு வேதங்களிலும் ஒரு மரம், மரணத்தை விரும்பும் ஒரு களைத்த உள்ளம், உடனே வந்து சேரும் உணவும் நீரும். களைத்தவரை நோக்கி, ஏன் களைத்தாய் என்று இறைவன் கேட்கவில்லை.

கல்முனைக் கரையில் கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. மருதமுனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். பாண்டிருப்பும் காரைதீவும் பெரும்பாலும் சைவத் தமிழ் ஊர்கள். இவற்றுக்கிடையே ஓரிரு தேவாலயங்களும், கார்மேல் பற்றிமா, உவெஸ்லி முதலான பாடசாலைகளும்தாம் அவர்களுடைய அடையாளம். ஆனால் அப்பாடசாலைகளின் நிழல் ஆளைவிட நீளமானது. காரைதீவில் 1892இல் பிறந்து, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகிய சுவாமி விபுலானந்தரும் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் பயின்றவரே.

அந்தக் கல்விப் பணியின் தொடக்கத்திலும் ஒரு களைத்த மனிதர் நிற்கிறார். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மதகுரு வில்லியம் ஓல்ட், இலங்கை நோக்கிய கடற்பயணத்தில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தார். குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் அதே ஆண்டு மே மாதம் இந்து சமுத்திரத்தில் உயிர்நீத்தார். மொழி தெரியாத ஊரில் தனியாளாக வந்திறங்கிய ஓல்ட், நோயோடு போராடி 1815 ஏப்ரலில் இறந்துபோனார். மட்டக்களப்பில் ஓராண்டுகூட வாழவில்லை. அதற்குள் அவர் தொடங்கிய கல்வி முயற்சிதான் இன்று மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. நம்பிக்கை அவருடைய இழப்பை ஈடுசெய்தது என்று சொல்லமாட்டேன். அடுத்த காலடிக்கு வேண்டிய அளவு பலத்தை அது கொடுத்திருக்கிறது.

எங்கள் கரையின் கிறிஸ்தவர்கள் மீது இரண்டு ஞாயிறுகள் இடியாக விழுந்தன. இரண்டும் அவர்களுடைய பெருநாட்களோடு பிணைந்தவை.

முதலாவது 2004 டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாள். ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை, பத்தாயிரத்துக்கும் அதிகம். அந்த அலை மதம் பார்க்கவில்லை. கரையிலிருந்து ஓடியவர்களுக்குப் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் பாடசாலையும் ஒருசேரத் திறந்தன. சமைத்த சோற்றை யார் வீட்டு அடுப்பு அனுப்பியது என்று எவரும் விசாரிக்கவில்லை.

அதன்பின் பல வாரங்கள் சந்தையில் மீன் வாங்க ஆளில்லை. மையித்துகளை விழுங்கிய கடலின் மீனைத் தின்ன மனம் ஒப்பவில்லை. கரைவலைக்காரர்களின் பிழைப்பு இரண்டாம் முறையும் மூழ்கியது. யோவான் எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை அந்நாட்களில்தான் நான் கவனமாகப் படித்தேன். குருவைப் பறிகொடுத்த துயரம் ஆறாத சீடர்கள் பழைய தொழிலுக்கே திரும்பி, இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் விடியலில் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பின் மேல் மீனும் அருகில் அப்பமும் ஆயத்தமாக இருக்கின்றன. உயிர்த்தெழுந்த இயேசு அவர்களைக் காலை உணவுக்கு அழைக்கிறார். மும்முறை தம்மை மறுதலித்த பேதுருவிடம் அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதையும் சாப்பாடு முடிந்த பின்னரே கேட்கிறார். மீனவக் கரையில் பிறந்தவனுக்கு இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை.

இரண்டாவது ஞாயிறு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய விடுதிகளிலும் வெடித்த தற்கொலைக் குண்டுகள் 260க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. கல்முனையிலிருந்து சுமார் நாற்பது கிலோமீற்றர் வடக்கே, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 14 பேர் சிறுவர்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து சிற்றுண்டி உண்ண வெளியே வந்திருந்த பிள்ளைகள்.

ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, அந்தக் கொடுமை எங்கள் வாசலுக்கே வந்தது. சாய்ந்தமருதில் படையினர் சுற்றிவளைத்த ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன. 6 குழந்தைகள் உட்பட 15 பேரின் உடல்கள் கிடைத்தன. ஊருக்குப் புதிதாக வந்து குடியேறியவர்கள் மீது ஐயம் கொண்டு தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. ஆயினும் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்யப்பட்ட கொலைகளின் பாரம் எங்கள் ஒவ்வொருவர் தோளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. போர்க்காலம் முழுவதும் செய்தி எழுதிய கை, அந்த வாரம் ஒரு வரி எழுத மறுத்தது. வீட்டுக் கதவைத் திறக்கவும் தயங்கினோம்.

அப்படியொரு மாலையில் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில், எலியாவின் கதையைச் சொன்ன அதே ஆசிரியை. எண்பதைத் தாண்டிய வயது. அவருடைய உறவுக்காரப் பிள்ளை ஒன்று படுகாயத்தோடு வைத்தியசாலையில் கிடந்த நேரம் அது.

"மகன், சாப்பிட்டீங்களா?" என்றார்.

எனக்கு வாய் எழவில்லை. பிள்ளையின் நிலையை நான் விசாரிப்பதற்குள் அவர் தொடர்ந்தார். "ஊரடங்கெண்டு கடையெல்லாம் பூட்டியிருக்குமே. வீட்டில அரிசி பருப்பு இருக்கா? சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு."

"டீச்சர், உங்களால எப்படி எங்களோட கதைக்க முடியுது?" என்று கேட்டேன்.

"முடியல்ல மகன். விடியக்காலையில ஆண்டவரோட சண்டை பிடிக்கிறன். நல்லா அழுறன். பிறகு கொஞ்சம் பெலன் வருது. அந்தப் பெலன வச்சுத்தான் கதைக்கிறன். நாளைக்கு எப்படியோ தெரியாது."

ஆன்மிக பலம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. நம்பிக்கையுள்ளவருக்கு நோகாது என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. வேதம் அப்படிச் சொல்லவில்லை. சங்கீதப் புத்தகத்தில் பல பாடல்கள் இறைவனிடம் கேட்கப்படும் வழக்குகள். ஏன் மறந்தீர், எதுவரைக்கும் என்று வாதாடுபவை. முறையிட ஒருவன் இருக்கிறான் என்பதே அழுகிறவருக்கு முதல் பலம். அங்கே இறக்கிவைத்த கோபம் அயலவன் தலையில் விழுவதில்லை. ஆசிரியை தம் சண்டையை விடியற்காலையில் முடித்துக்கொண்டதால்தான் மாலையில் என் வீட்டு அரிசியைப் பற்றி அவரால் கவலைப்பட முடிந்தது.

எல்லோருக்கும் அது இயன்றது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பிள்ளையை அடக்கம் செய்த ஒரு தாயிடம் மன்னிப்பை எவரும் கேட்டு வாங்க முடியாது. எங்களுக்கு அந்த உரிமை சற்றும் இல்லை. அவ்வாண்டு மே மாதம் நாட்டின் வடமேற்கே முஸ்லிம் ஊர்களில் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதையும் மறப்பதற்கில்லை. அந்த நாட்களில் அமைதி காக்கும்படி மீண்டும் மீண்டும் வேண்டிய குரல்களுள் கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் குரலும் ஒன்று. கொவிட் முடக்கத்தினிடையே வந்த 2020 உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அவர் அறிவித்தார். அதோடு வழக்கைக் கைவிட்டுவிடவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியவர்கள் பதில்சொல்ல வேண்டும் என்று திருச்சபையும் பாதிக்கப்பட்டோரும் விடாது கேட்டனர். 2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழிவாங்குவதை விட்டுவிட்டு நீதியை மட்டும் கேட்க முடியும் என்பதை அவர்கள் செய்துகாட்டினார்கள். சிறுபான்மையாய் வாழும் எவருக்கும் அது பெரிய பாடம்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் என்னை வெகுநாள் யோசிக்கவைத்த செய்தி ஒன்றுண்டு. இயேசுவின் இறுதி வேளை பற்றிய எங்கள் நம்பிக்கை வேறு. அந்த வேற்றுமையை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய வேதத்தில், உயிர்த்தெழுந்தவரின் உடலில் ஆணித் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. ஐயுற்ற தோமாவுக்கு அவர் காட்டியதும் அவற்றைத்தான். மரணத்தை வென்ற உடலிலும் காயத்தின் அடையாளம் அழிக்கப்படவில்லை. சீயோன் தேவாலயத்துப் பெற்றோர் உயிர்த்த ஞாயிறையும் பிள்ளையின் நினைவுநாளையும் ஒன்றாகச் சுமந்து ஆராதனைக்குப் போவதற்கு இந்த நம்பிக்கை கைகொடுக்கிறது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். தழும்போடு வாழ்வது நம்பிக்கைக் குறைவு அல்ல என்று அது அவர்களுக்குச் சொல்கிறது.

இதை வாசிப்போரில் களைத்தவர்கள் இருக்கக்கூடும். கனடாவிலோ வளைகுடாவிலோ, ஊரை இழந்தோ உறவை இழந்தோ, பிரார்த்தனைக்கு வார்த்தை வராமல் இருக்கலாம். அவர்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. அழுங்கள், இறைவனோடு வழக்காடுங்கள், உறக்கம் வந்தால் உறங்குங்கள். எவரேனும் ஒரு கவளம் நீட்டினால் மறுக்காமல் வாங்கி உண்ணுங்கள். சற்றுத் தெம்பு வந்ததும், பக்கத்து வீட்டில் யாராவது சாப்பிடாமல் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.